கரண்டி நிற்கும் ஜூஸ்

வெள்ளவத்தையில் கரண்டி அக்காவின் அவகாடோ ஜூஸைக் குடித்தவர் என்று ஒருவரும் கிடையாது. சாப்பிட்டவர்கள் உண்டு. மென்றவர்கள் உண்டு. பாதியில் வைத்துவிட்டு, மீதியைப் பின்னேரத் தேநீரோடு பாண் துண்டில் பூசி முடித்தவர்களும் உண்டு. குடித்தவர் மட்டும் இல்லை.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், வேலைக்குப் போகும் பெண்கள் ஆறு பேர் தங்கியிருந்த போடிங் வீடு அது. கீழே வீட்டுக்கார அன்ரி, மேலே நாங்கள். எனக்கு அடுத்த அறை அக்காவுடையது. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிப் பத்திரம், விவாகப் பதிவு என்று சிங்களத்தில் இருப்பதைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றி, மூலத்துக்கு மாறாக இதில் எதுவும் இல்லை என்று அடியில் கையொப்பம் வைப்பது தொழில். அந்தக் கையொப்பத்தின் குணம் ஆளிடமும் ஊறிப்போயிருந்தது. படியில் கண்டு “என்ன அக்கா, சுகமோ?” என்று கேட்டால், நின்று யோசித்துவிட்டு, “இடது முழங்கால் தவிர மற்றதெல்லாம் சுகம்” என்பார்.

பெயர் வந்த கதை சின்னது. ஜூஸ் அடித்து முடிந்ததும் அதைக் கிளாஸில் ஊற்றி — ஊற்றி என்பது பிழை, கிளாஸுக்குள் தள்ளி — நடுவில் ஒரு தேக்கரண்டியைக் குத்துவார். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவார். கரண்டி ஆடாமல் நின்றால்தான் கிளாஸ் உங்கள் கைக்கு வரும். சாய்ந்தால், செத்த வீட்டு முகத்தோடு கிளாஸைத் திருப்பி எடுத்துப்போய் இன்னும் அரைப் பழம் சேர்த்துக்கொண்டு வருவார்.

ஒருமுறை அன்ரியின் தம்பி லண்டனிலிருந்து வந்து நின்றார். அக்கா அவருக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார். மனிதர் ஸ்ட்ரோ கேட்டார். சோற்றுக்கு ஸ்ட்ரோ கேட்டவரைப் பார்ப்பதுபோல அக்கா பார்த்தார், ஆனாலும் விருந்தாளி என்று எடுத்துக் கொடுத்தார். அவர் உறிஞ்சினார். கன்னம் இரண்டும் உள்ளே போயின. நெற்றி நரம்பு புடைத்தது. ஸ்ட்ரோவில் ஜூஸ் ஒரு விரற்கடை ஏறி, யோசித்து, திரும்பி இறங்கிவிட்டது. லண்டன் போய்ச் சேர்ந்தும் அவர் அன்ரியிடம் தொலைபேசியில் அதைத்தான் கேட்டாராம், அந்தக் கிளாஸை இன்னும் கழுவி முடிக்கவில்லையா என்று.

செய்முறையில் அக்காவுக்குச் சட்டங்கள் இருந்தன. சந்தையில் பழத்தைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே கொட்டை கழன்று தட்டினால் பழுக்கத் தயார் என்று அர்த்தம். பழக்கார அய்யே இதைக் கண்டு கண்டு பழகி, “நோனா, கோல் எக்க இவரத?” என்று கேட்பார். தொலைபேசியில் பேசி முடிந்ததா என்று. அக்கா சிரிக்காமல் “தாம நே” என்பார், இன்னும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பழத்தையும் பத்திரிகைத் தாளில் சுற்றி, மேலே ஒரு துண்டு ஒட்டுவார். வாங்கிய இடம், வாங்கிய நாள், பழுக்கும் நாள். அவகாடோவுக்குப் பிறப்புச் சான்றிதழ். ‘வெள்ளி, பின்னேரம்’ என்று எழுதியிருந்தால் பழம் வெள்ளி பின்னேரம்தான் பழுக்கும். வியாழன் யாராவது ஆசைக்கு ஒரு விரலால் அமத்திப் பார்த்தால், மறுநாள் வெட்டும்போது அந்த இடம் கறுத்திருக்கும். அக்கா தோலைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக வந்து, “ஆர் அமத்தினது?” என்று கேட்பார். ஒருத்தியின் பெருவிரலை அந்தக் கறுப்பில் வைத்து அளந்தும் பார்த்திருக்கிறார்.

வெட்டியவுடன் சதையில் நாலு துளி தேசிக்காய்ப் புளி, நிறம் மாறாமலிருக்க. ஐந்தாவது துளி விழுந்தால் பால் திரைந்துவிடும். சீனி கிடையாது, கித்துள் மரத்துப் பாகான பாணிதான். பிளெண்டரை இருபது எண்ணும்வரைதான் ஓடவிடலாம். அதற்கு மேல் அடித்தால் சூடேறிக் கைக்கும் என்பார். பத்தொன்பதில் யாராவது அவரைக் கூப்பிட்டால் அன்று முழுவதும் அந்த ஆளோடு பேச்சில்லை.

உண்மையைச் சொன்னால், நான் அக்காவைக் கண்டால் ஒதுங்கித்தான் போவேன். எனக்குப் பேச்சுத்தான் தொழில். ஒரு காப்புறுதிக் கம்பனியில், தொலைபேசியில் வருகிறவர்களைச் சமாளிக்கும் பகுதி. வீட்டுக்கு வந்தாலும் வாய் நிற்காது. நான் எதைச் சொன்னாலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், அக்கா அதைக் கழித்துவிட்டுத்தான் கேட்பார். “பஸ்ஸில நூறு பேர் நிண்டவை” என்று நான் சொன்னால், “அந்த பஸ்ஸில அம்பத்திரண்டு சீற், நிக்கிறதுக்கு முப்பது பேர்” என்பார். இப்படிப்பட்ட ஆளோடு என்னத்தைப் பேசுவது?

பிறகு நாட்டின் கையில் காசில்லாமல் போன அந்தக் காலம் வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும். பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை, பகுதி பகுதியாக மின்வெட்டு. பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்து, நான் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில், கொழும்பு றோட்டில் சைக்கிள் ஓடினால் கால் முறியும், ஓடவே கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். நாலாம் நாள் காலை, மறைன் டிரைவில் ஒரு நாயைக் காப்பாற்றப்போய்க் கைப்பிடிக்கு மேலாகப் பறந்தேன். அம்மா சொன்னது கால். முறிந்தது தாடை.

தெருவில் நின்றவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்ரிக்குத் தகவல் போனது. அன்ரி, படிவமெல்லாம் சிங்களத்தில் இருக்குமே என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆறு கிழமைக்கு, நாற்பத்திரண்டு நாளைக்கு, வாய் திறக்க ஏலாது. கம்பி எடுக்கும்வரை பேசவும் முயலக்கூடாது. சாப்பாடு எல்லாம் ஸ்ட்ரோவில் ஏறக்கூடிய தண்ணீர்ப் பதத்தில். வாந்தி வந்தாலோ மூச்சு முட்டினாலோ, இந்த இடத்திலும் இந்த இடத்திலும் கம்பியை வெட்டிவிட வேண்டும். தாதி சிங்களத்தில் சொல்லச் சொல்ல அக்கா ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். அன்று மாலையே அது மூன்று மொழியில் என் அறைக் கதவில் ஒட்டப்பட்டது. அடியில் கையொப்பம். அடுத்த நாள் காலி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போய்ச் சின்னக் கம்பி வெட்டி ஒன்று வாங்கி, நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அலுவலகம் பூட்டிக் கிடந்ததால் அவருக்கு மொழிபெயர்ப்பு வேலை அறையில்தான். குளிக்கப் போகும்போதும் அந்த நாடா கழுத்தில் இருந்தது.

முதல் கிழமை மோசமாகப் போனது. காஸ் இல்லாததால் அன்ரி பின்வளவில் விறகு மூட்டித்தான் சமைத்தார். எனக்கு ரசத் தண்ணீரும் கஞ்சித் தெளிவும். பக்கத்தில் ஒரு பல் விழுந்த இடைவெளிதான் என் சாப்பாட்டு வாசல். அதனூடாக அரைக் கிளாஸ் போக அரை மணித்தியாலம். ஏழாம் நாள் என் பாவாடை இடுப்பில் நிற்க மறுத்தது. கண்ணாடியில் பார்த்தால், மேலே ஒல்லி, கீழே தாடை மட்டும் பூசணிக்காய். அழவும் பயமாக இருந்தது. மூக்கு அடைத்தால் மூச்சுக்கு எங்கே போவது?

எட்டாம் நாள் அக்கா கதவில் நின்றார். கையில் கிளாஸ், கிளாஸில் கரண்டி, நிமிர்ந்தபடி. காய்ச்சாமல், அவிக்காமல் உடம்பில் பிடிக்கிற ஒரே சாமான் இதுதான் என்றார். நான் கம்பியைக் காட்டினேன். பல்லிடுக்கைக் காட்டினேன். அக்கா டோர்ச் அடித்து என் வாய்க்குள், காணி உறுதியின் எல்லைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு கிளாஸோடு போய்விட்டார்.

ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தபோது, பழத்தோடு தேங்காய்ப் பாலின் இரண்டாம் பிழிவைச் சேர்த்து ஆறு தரம் தண்ணீராக்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரிய வந்தது. என் முன்னால் கரண்டியை வைத்துக் கையை எடுத்தார். அது டங் என்று விளிம்பில் விழுந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

“குடியும் பிள்ளை,” என்றார். “வெளியில ஒருத்தருக்கும் சொல்லாதையும்.”

என்னால் ஒருவருக்கும் எதையும் சொல்ல ஏலாது என்பதை அந்த நேரம் இருவருமே மறந்துவிட்டோம். ஸ்ட்ரோவில் ஏறியது. பாணியும் தேங்காய்ப்பாலும் பழத்தின் வெண்ணெயும் கலந்து தொண்டையில் இறங்கியபோது, எட்டு நாளில் முதல் தடவையாக எனக்கு வயிறு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. கிளாஸ் காலி. அக்கா அடுத்ததைக் கொண்டுவந்தார்.

அதிலிருந்து ஒரு நாளைக்கு நாலு கிளாஸ். அக்கா மின்வெட்டு அட்டவணையைக் குசினிச் சுவரில் ஒட்டினார். பழங்களின் சான்றிதழ்களும் மாறின. ‘வெள்ளி, பத்துமணி வெட்டுக்கு முன்’ என்று எழுதி, பழுக்கப் பிந்துகிறதை அரிசிப் பானைக்குள் புதைத்தார். முந்துகிறதை நனைத்த துணியில் சுற்றி என் ஜன்னலோரம் வைத்தார். ஒரு கிளாஸில் வாழைப்பழம், ஒன்றில் ஊறவைத்த பேரீச்சம்பழம், ஒன்றில் உழுந்து மாக்கூழ். ஒவ்வொன்றையும் என்னை ருசி பார்க்க வைத்து, பத்துக்கு எத்தனை புள்ளி என்று என் விரல்கள் காட்டுவதைக் குறித்துக்கொண்டார். உழுந்துக்கு நான் இரண்டு விரல்தான் காட்டினேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு, மறுநாளும் உழுந்து தந்தார்.

பிரச்சினை அம்மாதான். சைக்கிள் கதை அவருக்குத் தெரியக்கூடாது என்று, தொண்டை அடைத்திருக்கிறது, கதைக்க ஏலாது என நான் எழுதி அனுப்பினேன். அம்மா எழுத்தை நம்புகிற ஆள் இல்லை, குரல் வேண்டும். பத்தாம் நாள் அவர் விடாமல் அடிக்க, நான் தொலைபேசியை அக்காவிடம் நீட்டி, ஏதாவது சொல்லுங்கள் என்று கையைக் காட்டினேன். அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார், விபத்தைப் பற்றித் தானாகச் சொல்லமாட்டார், ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய்யும் சொல்லமாட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

“பிள்ளை ஏன் கதைக்கிறா இல்லை?” என்று அம்மா கேட்டார்.

“வாய் திறக்கிறா இல்லை, அம்மா.”

“என்னோட கோபமோ?”

அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தார். “கோபம் மாதிரித் தெரியேல்லை.”

“சாப்பிடுறாவோ?”

“ஒண்டும் சாப்பிடுறா இல்லை. குடிக்கிறா.”

நான் இரண்டு கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினேன். அக்கா அதை வேறு ஏதோ என்று நினைத்துவிட்டார்.

“என்னத்தைக் குடிக்கிறா?” அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

“நான் கலந்து குடுக்கிறதைத்தான். ஒரு நாளைக்கு நாலு கிளாஸ். முதல் அரைக் கிளாஸுக்கு அரை மணித்தியாலம் எடுத்தவ. இப்ப முழுக் கிளாஸையும் ரெண்டு நிமிஷத்தில முடிக்கிறா.”

“நீங்கள் ஆர்?” என்றார் அம்மா. அந்த இடத்தில் எங்கள் பகுதிக்கு மின்வெட்டு வந்தது. அதோடு சிக்னல் கோபுரமும் போய்விட்டது. தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை.

சிக்னல் திரும்பியபோது அம்மா எடுக்கவில்லை. நான் ஏழு செய்தி அனுப்பினேன். ஒன்றையும் பார்க்கவில்லை. அம்மாவுக்குக் கோபம், ஆறட்டும் என்று நினைத்தேன். அவர் ரயில் சீற்றுக்கு அலைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அந்த அழைப்புக்கு மூன்றாம் நாள் பின்னேரம், அட்டவணையில் இல்லாத ஒரு வெட்டு. பிளெண்டர் நாலு எண்ணும்போதே நின்றுவிட்டது. சான்றிதழ்படி அது இரண்டு மணிக்குப் பழுத்த பழம், விட்டால் கறுக்கும். அக்கா முள்ளுக்கரண்டியால் மசித்து, மத்தால் கடைந்து, பாலை விட்டுக் கொண்டுவந்தார். அந்தப் பழத்தில் நார் இருந்திருக்கிறது. பாதிக் கிளாஸில் ஒரு நார் என் தொண்டையில் போய்ப் படுத்துக்கொண்டது. இருமினேன். இருமவும் வாய் திறக்க வேண்டுமே. காற்று உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

அக்கா என்னை முன்னால் குனிய வைத்தார். கழுத்திலிருந்து கம்பி வெட்டியை எடுத்தார். ஒரு கையால் என் உதட்டை விலக்கி, மறு கையால் வெட்டியைக் கொண்டுவந்தார். அது என் பல்லில் டக் டக் என்று தட்டுப்பட்டுத் தந்தி அடித்தது. “வெட்டவோ, பிள்ளை? தலையை ஆட்டும், வெட்டவோ?” என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

அந்த நேரம்தான் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு தோளில் பயணப்பை, கையில் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் விபூதி. மகள் குடித்துச் சீரழிகிறாள் என்று நம்பி வந்த மனுஷி கண்டது, முகம் சிவந்து குனிந்து கிடக்கும் மகளையும், அவள் வாய்க்குள் குறடு விட்டபடி நிற்கும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணையும், மேசையில் அரைக் கிளாஸ் பச்சைத் திரவத்தையும்.

அம்மாவைக் கண்ட அதிர்ச்சியில் நான் விழுங்கினேன். நார் இறங்கியது. காற்று விசில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. நான் கையை உயர்த்தி, சரி, சரி என்று காட்டினேன். அக்கா வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, அம்மாவைப் பார்த்து, தன் பெயர், தொழில், அறை எண் எல்லாம் சொன்னார். தொலைபேசியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டதற்கு வருத்தமும் தெரிவித்தார்.

அம்மா கதவில் ஒட்டியிருந்த தாளைத் தமிழில் ஒருமுறை வாசித்தார். என் உதட்டை விலக்கிக் கம்பியைப் பார்த்தார். கிளாஸை எடுத்து மணந்தார். ஒரு வாய் குடித்தார்.

“தாடை மட்டும்தானோ?” என்றார்.

அக்கா, “ஒரு பல்லும்,” என்றார்.

அம்மா கட்டிலில் இருந்து சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, திரும்பவும் சிரிப்பாகியது. நாட்கணக்காக அவருடைய மனதில் நான் என்னவெல்லாம் ஆகியிருந்தேன் என்று பிறகு சொன்னார். அதெல்லாம் இங்கே எழுதத் தக்கதல்ல. அவற்றோடு வைத்துப் பார்த்தால், முறிந்த தாடை ஒரு நல்ல செய்தி. கடவுளே, தாடை மட்டும், தாடை மட்டும் என்று சொல்லிச் சொல்லி என் தலையைத் தடவினார். சைக்கிளில் விழுந்தது என்று அக்கா சொன்னதும் முதுகில் ஒன்று போட்டார்.

அம்மா போடிங்கிலேயே தங்கினார். அந்தப் பின்னேரமே அக்கா தன்னுடைய புது வொயில் சேலை ஒன்றின் தலைப்பை வெட்டி வடிதுணி ஆக்கினார். ஒருமுறைகூட உடுத்தாத சேலை. வேண்டாம் என்று அம்மா தடுத்தும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வடிக்காமல் ஒரு துளிகூட என் வாசலுக்கு வரவில்லை. அம்மா தேங்காய் துருவிப் பிழிந்தார், அக்கா அடித்தார், இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினார்கள். ஜூஸில் கொஞ்சம் உப்பும் மிளகும் போட்டால் என்ன என்று அம்மா கேட்ட அன்று மட்டும் குசினியில் அமைதி குலைந்தது. கடைசியில் உப்புக்கு அக்கா சம்மதித்தார், அதுவும் கரண்டி நுனியால். நான் ஒன்பது விரல் காட்டினேன். அக்கா குறித்துக்கொண்டார்.

ஆறு கிழமை முடிந்து கம்பி எடுக்கப் போனோம். டொக்டர் என்னை நிறுத்துப் பார்த்துவிட்டு, தராசைத் தட்டி, திரும்பவும் நிறுத்தார். இந்தக் கம்பியோடு வருகிறவர்கள் எல்லாரும் மெலிந்துதான் வருவார்கள், நீர் மூன்று கிலோ கூடி வந்திருக்கிறீர் என்றார். அக்கா பையிலிருந்து கொப்பியை எடுத்து, எந்தக் கிழமை எத்தனை பழம் என்று அவருக்கு வாசித்துக் காட்டினார். டொக்டர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், பாவம்.

கம்பி கழன்றது. எக்ஸ்ரேயில் எலும்பு நேராகப் பொருந்தியிருந்தது. இவ்வளவு நாளும் பேசாமல் சேர்த்து வைத்ததை எல்லாம் அங்கேயே கொட்டிவிடுவேன் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நானும்தான். ஆனால் தாடை துருப்பிடித்த கேற் போல ஒரு விரல் அகலம்தான் திறந்தது. தாதி, பின்னால் கொப்பியோடு நிற்பவரைக் காட்டி, “மே அக்காத?” என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். உம்முடைய அக்காவா என்று.

அக்கா விளக்கம் சொல்ல வாயெடுத்தார். பக்கத்து அறை, உறவு ஒன்றும் இல்லை என்று சொல்லப்போகிறார். நான் முந்திக்கொண்டேன்.

“ஓவ். அக்கா,” என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

வீட்டுக்கு வரும் வழி முழுவதும் அக்கா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார். முழங்காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல வா, மெல்ல வா, அவவை அழுது முடிக்க விடு என்றார்.

நான் இப்போது பாமன்கடையில் இருக்கிறேன். கல்யாணம் கட்டிவிட்டேன், வாய் முன்னையைவிட நன்றாகத் திறக்கிறது என்று கணவர் சொல்கிறார். அக்கா அதே போடிங்கில், அதே அறையில். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குத்தான் முதலில் தொலைபேசி அடிக்கிறார். ஊர்ப் புதினம், நல்லது கெட்டது எல்லாம், எனக்கு அக்கா வழியாகத்தான் வருகிறது, ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல். எனக்கும் ஒரு காய்ச்சல், தலையிடி என்றால் கை தானாக அந்த இலக்கத்தைத்தான் அழுத்துகிறது. அம்மாவுக்கு இரண்டாவதாகத்தான் தெரிய வரும். அம்மா அதற்கு ஒருநாளும் கோபித்ததில்லை.